இழுங்க, பிடிங்க, விடுங்க

இருபத்தாறு வருஷமாக அவள் ஒரு நாளைக்கு நாற்பது பேரிடமாவது ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத எக்ஸ்ரே அறையில், தோளை அழுத்துகிற ஈயக் கோட்டை மாட்டிக்கொண்டு சொல்வாள். எப்பேர்ப்பட்ட கொம்பனும் அந்தக் குரலுக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான், விடச் சொன்னால் விடுவான். அவள் பேச்சைத் தட்டாமல் கேட்கிற மனிதர்கள் உலகத்தில் அவர்கள் மட்டும்தான். வீட்டில் கதையே வேறு.

வீட்டுக்காரர் தண்ணீர் இலாகாவில் வால்வு திறந்து மூடுகிறவர். ஆளுயரச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போவார், இந்தத் தெருவுக்குத் திறந்து அந்தத் தெருவுக்கு மூடுவார். வால்வுக்காரர் என்றால்தான் ஆட்களுக்கு அவரைத் தெரியும். நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் வீணானால் அவருக்குப் பொறுக்காது. பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டினால் போய்க் கதவைத் தட்டுவார். அவள் பாத்திரம் தேய்க்கிறபோது ஓசைப்படாமல் பின்னால் வந்து, குழாயை அரைத் திருகு குறைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி போய்விடுவார். கல்யாணமான புதிதில் இந்த அரைத் திருகுக்காக அவள் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அவள்தான் அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

இப்படிப்பட்ட ஆளிடம் ஒரு பழைய காரின் கொதிப்பை ஒப்படைத்தால் என்ன ஆகும்?

விஷயம் இதுதான். மலைமேல் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் புது மெஷின் வந்திருந்தது. அந்த எக்ஸ்ரே பிரிவுக்குத் தலைமை டெக்னீஷியனாக அவளைப் போட்டுக் கடிதம் வந்தது. இந்தப் பதவி இதற்கு முன்னால் இரண்டு தடவை அவள் வாசல்வரை வந்து திரும்பிப் போயிருக்கிறது. முதல் தடவை மகள் கைக்குழந்தை. இரண்டாம் தடவை மாமியார் படுத்த படுக்கை. இரண்டு தடவையும் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி, அவள் சார்பில் ரொம்பப் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார்கள். “அடுத்த தடவை பாத்துக்கலாம்” என்றார்கள். இப்போது மகள் வேறு ஊரில் வேலையில் இருக்கிறாள், மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார். அவளுக்கு வயது நாற்பத்தெட்டு. இனி அடுத்த தடவை என்று ஒன்று கிடையாது.

மாதம் பிறக்கிற திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குள் கையெழுத்துப் போட்டுச் சேர வேண்டும். சேராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்த அடுத்த ஆள், அவளே பக்கத்தில் நிற்க வைத்துத் தொழில் சொல்லிக்கொடுத்த பெண். மலைக்கு முதல் பஸ் போய்ச் சேருவது ஒன்பதரைக்கு. ஆக, தினமும் முப்பத்தெட்டு கிலோமீட்டர், பத்தொன்பது வளைவு, காரில்தான் போயாக வேண்டும்.

கார் மாமனார் வாங்கியது. வீட்டுக்காரரின் அக்கா, அதாவது அவளுடைய நாத்தனார், அந்தக் காருக்கு மகாராணி என்று பேர் வைத்திருந்தார். புருஷன் காலமான பிறகு தம்பி வீட்டோடு வந்து இருப்பவர். வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு நடப்பதற்கெல்லாம் கருத்துச் சொல்வது அவர் பொழுது. மகாராணி கடைத்தெருவரை ஒழுங்காகப் போய்வருவாள். மலைக்குத் திருப்பினால் போச்சு. கடிதம் வந்த மறுநாளே ஒரு வெள்ளோட்டம் போனார்கள். ஏழாவது வளைவில் சூடு காட்டுகிற ஊசி சிவப்பில் போய் முட்டியது. பானெட்டுக்கு அடியிலிருந்து ஆவி குபுகுபுவென்று கிளம்பியது. இரண்டு பேரும் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வேடிக்கை பார்த்தார்கள்.

“ஒர்க்‌ஷாப்புல விட்டுடலாங்க” என்றாள்.

“அங்கயா? ஹோஸைச் சொருகி நாப்பது லிட்டர் தண்ணியைச் சாக்கடையில விட்டுக் கழுவுவான். கண்ணால பாத்திருக்கேன். நானே பண்றேன்.”

“உங்களுக்குக் காரைப் பத்தி என்ன தெரியும்?”

“காரைத் தெரியாட்டி என்ன, தண்ணியைத் தெரியும். ஒரு பம்ப்பு, நாலு பைப்பு, ஒரு வால்வு. இதைத்தானே முப்பது வருஷமா மேய்க்கிறேன்?”

இதற்குப் பதில் அவளுக்கு அன்றைக்கே தோன்றியிருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்.

முதல் வாரம் ரேடியேட்டர். பழைய சாமான் கடையிலிருந்து முன்னதைவிட ஒரு மடங்கு தடிமனான ரேடியேட்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். எஞ்சினைச் சுற்றி வந்த வெந்நீர் அதில் பரவி ஆறும், பெரியதாக இருந்தால் நன்றாக ஆறும் என்றார். சரிதான். ஆனால் அது காருக்குள் உட்கார மாட்டேன் என்றது. இரண்டு நாள் அரத்தை வைத்து இரும்பைத் தேய்த்தார். அந்த இரண்டு நாளும் ரேடியேட்டர் குளியலறையில் இருந்தது, இவர்கள் அதைத் தாண்டிக் குதித்துக் குளித்தார்கள்.

அப்புறம் தெர்மோஸ்டாட். எஞ்சின் சூடானதும் தானே வாயைத் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுகிற உள்ளங்கை அளவு வால்வு. அது திறக்கிறதா என்று பார்க்க, அவளுடைய டீப் பாத்திரத்தில் போட்டு அடுப்பில் கொதிக்க வைத்தார். திறந்தது. அவருக்கு ஏக சந்தோஷம். பாத்திரத்தைக் கழுவாமல் அப்படியே வைத்துவிட்டுப் போனார். அதிலேயே நாத்தனார் டீ போட்டு ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுத்தார்.

“என்ன அண்ணி, டீல கிரீஸ் வாசனை வருது?”

“அதான் நானும் பாக்கறேன். மகாராணி குடிச்ச மிச்சம் போல இருக்கு.”

இரண்டாம் வாரம் புது வாட்டர் பம்ப், புது ரப்பர் ஹோஸ்கள். மூன்றாம் வாரம் எலெக்ட்ரிக் ஃபேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் அவர் தலையைப் பார்த்ததுமே சிரிக்க ஆரம்பித்திருந்தார். ஒவ்வொன்றையும் மாட்டியதும் வெள்ளோட்டம். ரேடியேட்டர் மாற்றியபோது ஏழாவது வளைவு. பம்ப் மாற்றியபோது ஒன்பதாவது வளைவு. ஃபேன் மாட்டியபோது மறுபடி ஏழு. பழைய சாமான் போட்டிருந்தபோதே ஏழு வளைவு ஏறிய கார்தானே இது என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதில் இன்னொரு கூத்து. எக்ஸ்ரே அறையை மெஷினுக்காகச் சில்லென்று வைத்திருப்பார்கள். இத்தனை வருஷம் அதில் நின்று நின்று அவளுக்கு முழங்கால் இரண்டும் கடுக்கும். மலை ஏறும்போது குளிர் அதிகமானதும் எஞ்சின் வெந்நீரிலேயே சூடாகிற கார் ஹீட்டரைப் போட்டாள். பச்சைத் தண்ணீரைத் தொட்ட மாதிரி குளிர்காற்று வந்தது.

“என்னங்க, எஞ்சின் இந்தக் கொதி கொதிக்குது, ஹீட்டர்ல ஐஸ் காத்து வருதே?”

“இப்ப உனக்கு ஹீட்டர்தான் குறைச்சலா?”

“உள்ள குளுக் குளுக்னு வேற சத்தம் கேக்குது.”

“தண்ணி ஓடுற சத்தம் அது. நல்ல சத்தம்” என்றார். அடுத்த வளைவில் ஆவி கிளம்பியது.

சனிக்கிழமை நடந்த அந்த வெள்ளோட்டம்தான் கடைசி. திங்கட்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு நாள் பாக்கி. வீட்டுக்கு வந்து இறங்கியதும் அவளுக்கு மூன்று வாரத்து எரிச்சலும் மொத்தமாக வாய்க்கு வந்துவிட்டது.

“ஒண்ணு கேக்கறேன். நான் போறது உங்களுக்குப் பிடிக்கலையா? பிடிக்கலேன்னா வாயைத் தொறந்து சொல்லிடுங்க. இப்படி ஸ்பானரைக் கையில வெச்சுக்கிட்டு நாடகம் ஆட வேண்டாம். போன ரெண்டு தடவையும் எல்லாரும் மூஞ்சிக்கு நேராவாவது சொன்னாங்க.”

வீட்டுக்காரர் கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அப்புறம் உள்ளே போய்க் கை கழுவினார். அப்போதும் குழாயை நூல் மாதிரிதான் திறந்தார். அவளுக்கு அந்தத் துணியைப் பிடுங்கி அவர் தலையில் போட வேண்டும் போல இருந்தது.

“அவனுக்கு நாடகமெல்லாம் ஆடத் தெரியாதும்மா” என்றார் நாற்காலியிலிருந்து நாத்தனார். “தெரிஞ்சிருந்தா இந்நேரம் பெரிய ஆபீசராயிருப்பான்.”

சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார். “பத்தொம்போது வளைவு. நீ தனியா போவ. நடுவுல நின்னா பக்கத்துல ஒரு வீடு கிடையாது. எனக்குப் பயமா இருக்கு. அதான் ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டே இருக்கேன்.”

கல்யாணமான நாளிலிருந்து அவர் பயமாக இருக்கிறது என்று சொல்லி அவள் கேட்டதில்லை. அவளுக்குக் கோபம் இறங்கவில்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. குழம்புக் கரண்டியை எடுத்து அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் மறுபடி பானெட்டைத் திறந்தார். மூன்று வாரமாக அவர் பின்னால் நின்று கத்தியிருக்கிறாளே தவிர, அவர் என்ன செய்கிறார் என்று அவள் உட்கார்ந்து பார்த்ததில்லை. இன்றைக்கு ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அவர்கள் வீட்டு வாசல் தெருவிலிருந்து வீட்டை நோக்கிச் சரிந்து இறங்கும். கார் மூக்கைக் கீழே வைத்து, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. இரவு முழுக்க ஆறிய எஞ்சின். அவர் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, எஞ்சினைக் குளிர்விக்கிற பச்சைக் கூலண்ட்டும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு குமிழி வந்தது. பச்சைத் தண்ணீர் பொங்கி விளிம்புவரை ஏறியது. கண்மூடித் திறப்பதற்குள் அவர் துணியோடு மூடியை அமுக்கித் திருகிவிட்டார்.

“பாத்தியா, ஒரு சொட்டு கீழ விழல” என்றார்.

அவள் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள்.

“ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் மூடுனீங்களா?”

“பின்ன, வழிய விடுவாங்களா?”

அவள் தினமும் வயிற்றுப் படம் எடுக்கிறவள். வயிற்றுக்குள் காற்று அடைத்துக்கொண்டால் படத்தில் கறுப்பாகத் தெரியும். அது நிற்கிற இடத்தில் ஒன்றும் நகராது. படுக்க வைத்து எடுத்தால் அங்கும் இங்கும் பதுங்கிக்கொள்ளும், நிற்க வைத்து எடுத்தால் உச்சியில் போய் நின்று ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். கொதிக்கிற எஞ்சின், குளிர்ந்த ஹீட்டர், உள்ளே குளுக் குளுக். மூன்று வாரமாகக் கண்ணெதிரே இருந்ததைப் பார்க்காமல் போனோமே என்று அவளுக்கு அவள் மேலேயே ஆத்திரம் வந்தது.

“உள்ள காத்து அடைச்சிருக்குங்க.”

“காத்தைப் பத்தி எனக்குச் சொல்றியா? எங்க லைன்லயும் காத்து வரும். ஏர் வால்வு இருக்கு, அது தானா வெளிய விட்டுடும். தண்ணி ஒரு சொட்டு போகாது.”

“இதுல அந்த ஏர் வால்வு எங்க இருக்கு?”

அவர் பானெட்டுக்குள் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“சரி, ரொம்பின பைப்பு குளுக் குளுக்னு சத்தம் போடுமா? நீங்கதானே வால்வுக்காரர், நீங்களே சொல்லுங்க.”

“போடாது” என்றார். அந்த ஒரு வார்த்தை வெளியே வருவதற்குள் பாவம், அவருக்கு வியர்த்துவிட்டது.

“இந்தக் காருல காத்து போக ஒரே வழி அந்த மூடிதான். அது வெளிய வர்ற நேரம் பாத்து நீங்க வாயைப் பொத்திடறீங்க. வண்டியை வேற தலைகீழா நிறுத்தியிருக்கீங்க, காத்து பின்னால ஹீட்டர்ல போய் உக்காந்துக்குது. இதை நிக்க வெச்சு எடுக்கணும்.”

“என்னது?”

“திருப்பி நிறுத்துங்க. மூக்கு மேல இருக்கட்டும். மூடிதான் உச்சியில இருக்கணும்.”

அவர் மூக்கு சிவக்கக் காரைத் தெருவுக்கு எடுத்துத் திருப்பி, பின்னாலேயே வாசலுக்குள் இறக்கினார். மகாராணி இப்போது தெருவைப் பார்த்து மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றாள். சூட்டோடு மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும் என்பதால் எஞ்சின் ஆறுகிறவரை காத்திருந்தார்கள். அந்த இரண்டு மணி நேரமும் அவர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். நாத்தனார் அவருக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அவர் உட்காரவில்லை.

பிறகு மூடியைத் திறந்தார்கள். அவள் ஹீட்டரை முழுசாகத் திறந்து வைத்து, எஞ்சினை ஓடவிட்டாள். துணி ஊறவைக்கிற பேசினைக் கொண்டுவந்து அடியில் வைத்தார் அவர்.

“மூடியை என்கிட்டக் குடுங்க” என்று கையை நீட்டினாள். கொடுத்தார். துணியைக் கொடுக்கவில்லை.

ஒரு குமிழி வந்தது. இரண்டு. அப்புறம் வரிசையாக. பச்சைத் தண்ணீர் ஏறி, விளிம்பில் ஒரு நிமிஷம் நின்று, வழிய ஆரம்பித்தது. பம்பரில் இறங்கியது, பேசினில் பாதியும் தரையில் பாதியுமாக ஓடியது. அவருடைய கை துணியோடு தானாக எழுந்தது.

“விடுங்க” என்றாள்.

ஆஸ்பத்திரிக் குரல் அது. கத்தலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. நாற்பது பேர் தினமும் கேட்டுக் கீழ்ப்படிகிற அந்தக் குரலை அவர் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கை அந்தரத்தில் அப்படியே நின்றது. பச்சைத் தண்ணீர் அவர் செருப்பை நனைத்துக்கொண்டு ஓடியது, அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து பெரியதாக ஒரு ஏப்பம் வந்தது. தண்ணீர் மட்டம் சட்டென்று கீழே போனது. அவள் ஊற்றினாள், அது குடித்தது. மறுபடி ஊற்றினாள், மறுபடி குடித்தது. இரண்டு லிட்டருக்கு மேல் உள்ளே போயிற்று.

“அடப்பாவமே, இத்தனை நாள் அரை வயித்துக்குத்தான் ஓடியிருக்கா” என்றார் நாத்தனார்.

குமிழி நின்று, மட்டம் அசையாமல் நின்றபோது அவள் மூடியைப் போட்டுத் திருகினாள். கார் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். முழங்கால் மேல் வெந்நீர் ஒத்தடம் மாதிரி சூடான காற்று அடித்தது. அவளுக்கு அழ வேண்டும் போலவும் இருந்தது, வெளியே போய் அந்த மனிதரை நாலு சாத்துச் சாத்த வேண்டும் போலவும் இருந்தது. ரேடியேட்டர், பம்ப், ஹோஸ், ஃபேன், ஒரு டீப் பாத்திரம். மூடியைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்திருந்தால் போதும்.

மலைக்கு இன்னொரு வெள்ளோட்டம் போக நேரமில்லை. சாயங்காலம் அவர் தண்ணீர் திறந்துவிடுகிற முறை. கடைத்தெருவரை போய்வந்தார்கள், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்கு அவர் சட்டையை மாட்டிக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நின்றார்.

“நானும் வரேன்.”

“வேண்டாங்க. தினமும் தனியாத்தானே போகணும். இன்னிக்கும் தனியாவே போறேன்.”

அவர் தண்ணீர் நிரப்பிய இரண்டு கேனைப் பின்சீட்டில் வைத்தார், அவை உருளாமல் இருக்கத் துணியை நடுவில் சொருகினார். அந்தத் துணியைத்தான்.

ஐந்தாவது வளைவிலிருந்தே அவள் சாலையைவிட ஊசியைத்தான் அதிகம் பார்த்தாள். ஏழாவது வளைவு. அவர்கள் உட்கார்ந்திருந்த கல் பின்னால் போயிற்று. ஊசி பாதியில் நின்றது. ஒன்பது வந்தது. பதின்மூன்றில் ஒரு லாரிக்குப் பின்னால் ஊர்ந்தபோது ஊசி ஒரு நூல் ஏறியது. முன்னால் ஃபேன் கிர்ரென்று ஓடத் தொடங்கியது, ஊசி திரும்பவும் இறங்கியது. சரி, ஃபேன் வீண் போகவில்லை, இதை அவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். பத்தொன்பதாவது வளைவைத் திரும்பியபோதுதான், தான் எவ்வளவு நேரமாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

ஏழு முப்பத்தைந்துக்குக் கையெழுத்துப் போட்டாள். அவள் பேருக்கு நேராகப் பதவியின் பேர் அச்சடித்திருந்தது, அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு வராந்தாவுக்கு வந்து வீட்டுக்குப் போன் போட்டாள். முதல் மணி முழுசாக அடிப்பதற்குள் அவர் எடுத்துவிட்டார்.

“வந்துட்டேங்க. கையெழுத்தும் போட்டாச்சு.”

“ஊசி?”

“பாதியத் தாண்டல.”

அந்தப் பக்கம் சோவென்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. மழை பெய்கிறதோ என்று பார்த்தால், வானம் பளிச்சென்று இருந்தது.

“அது என்னங்க சத்தம்?”

“எது? ஓ, அதுவா. நேத்துச் சிந்தின பச்சைத் தண்ணியைப் பூனை கீனை நக்கிடப் போகுது, விஷமாச்சேன்னு வாசலைக் கழுவ ஹோஸைத் தொறந்தேன்.”

“எப்ப தொறந்தீங்க?”

“நீ கிளம்பினதும்.”

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். கிளம்பி ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. போனில் நாத்தனாரின் குரல் தூரத்தில் கேட்டது. “டேய், தெருக்கோடி வரைக்கும் ஓடிக்கிட்டிருக்குடா. என்ன ஆச்சு உனக்கு?”

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“குழாயை மூடுங்க” என்றாள்.